கொல்லையில் நிற்கும் உதும்பரம்

ஸ்ரீபெரும்பூதூருக்கும் ஒரகடத்துக்கும் இடைப்பட்ட நிலப்பரப்பில் உள்ளது பிள்ளைப்பாக்கம். ஏரிகள் மாவட்டம் எனப் பெயர் பெற்ற காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஏரியூர்களுள் இதுவும் ஒன்று. ஏரி நீரால் நெல் விளைந்த நிலத்தை ஒட்டி இன்று சிப்காட் தொழிற்பூங்கா அமைந்திருக்கிறது. சுப்ரபாதம் ஒலிக்கும் வைகறை வேளையிலேயே ஆலைப் பேருந்துகளின் ஒலியும் கேட்கத் தொடங்கிவிடுகிறது. வேலைக்கு வரும் இளைஞர்களுக்கு வாடகை அறைகள் தேவைப்படுவதால், இந்த வட்டாரத்துப் பழைய வீடுகளின் கொல்லைகள் ஒவ்வொன்றாகச் சிறுத்து வருகின்றன. எஞ்சிய கொல்லைகளில், கிணற்றடியிலோ, துணி துவைக்கும் நீர் ஓடும் வாய்க்கால் ஓரத்திலோ, எவரும் நடாமல் தானாக முளைத்து வளர்ந்த மரம் ஒன்று நிற்பதுண்டு.

அந்த மரத்தைப் பற்றித்தான் வீட்டில் பேச்சு எழுகிறது. இலைகளின் மேல் மிளகளவிலிருந்து பட்டாணி அளவு வரை முடிச்சு முடிச்சாகப் புடைத்திருக்கின்றன. பச்சையாகத் தோன்றியவை நாளடைவில் செம்மை படர்ந்து, இலையே தெரியாதபடி நெருங்கிவிடுகின்றன. அடிமரத்திலோ, கிளை நுனியில் இருக்க வேண்டிய காய்கள் மரத்தின் உடம்பிலேயே கொத்துக் கொத்தாகத் தொற்றி நிற்கின்றன. ‘மரத்துக்கு அம்மை கண்டிருக்கிறது’ என்பார் ஒருவர். ‘கண்ணேறு பட்டிருக்கிறது’ என்பார் மற்றொருவர். பட்டையைக் கீறினால் பால் வடிகிறது; பால் மரம் வீட்டருகே ஆகாது என்று சாத்திரத்தைத் துணைக்கு அழைப்பவர்களும் உண்டு. அறை கட்ட வந்த மேஸ்திரிக்கு இவற்றுள் எந்த ஒரு காரணமும் போதுமானது. வீட்டின் மூத்தவர்களுக்கு மட்டும் மனம் ஒப்புவதில்லை. வெட்டுவதற்கு முன், அது இன்ன மரம் என்றாவது தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா?

மேற்சொன்ன அடையாளங்கள் அனைத்தும் ஒருங்கே பொருந்துவது அத்தி மரத்துக்கே. இலையின் முடிச்சும், உடம்பில் காய்க்கும் இயல்பும், நீரோட்டம் உள்ள இடத்தை நாடும் குணமும் சேர்ந்து நின்றால் பெரும்பாலும் ஐயத்துக்கு இடமில்லை. ஆயினும் உறுதி செய்துகொள்ள வேறு சில குறிகளும் உள. அத்தியின் இலை மாறி மாறி அமைந்தது, வழவழப்பானது, நுனி கூர்ந்தது, காம்பு சேரும் இடத்திலிருந்து மூன்று நரம்புகள் தெளிவாகப் புறப்படும். ஆலைப் போல இதற்கு விழுது இல்லை. காய்கள் தடித்த குறுங்கிளைகளில் திரண்டு அடிமரத்திலிருந்தே தொடங்கும். பழுக்கும்போது செம்மஞ்சளாகவும் செந்நிறமாகவும் மாறும்.

மயக்கம் தரக்கூடிய உறவினர் இருவர். ஒன்று பேயத்தி. அதன் இலைகள் எதிரெதிராக அமைந்து, தொட்டால் சொரசொரப்பாக இருக்கும். காயின் மேல் மயிர் காணப்படும். மற்றொன்று சீமை அத்தி. கடையில் கயிற்றில் கோத்து விற்கும் உலர்ந்த அத்திப்பழம் அதனுடையது. அதன் இலை கைவிரல்களை விரித்தாற்போல் பிளவுபட்டிருக்கும். இனி, பெயரளவில் மயங்குவதும் உண்டு. சோழர் சூடிய ஆத்தி வேறு, அத்தி வேறு. ஆத்திக்குச் சூடத்தக்க மலர் உண்டு. அத்தியின் மலரையோ எவரும் சூடியதில்லை; கண்டதாகச் சொல்வாரும் அரியர். ‘அத்தி பூத்தாற்போல’ என்று நெடுநாள் வாராத உறவினரைக் கேலி செய்யும் வழக்கு அதனால் வந்தது. உண்மையில் அத்தி ஆண்டுதோறும் பன்முறை பூக்கிறது. அந்தப் பூ எங்கே ஒளிந்திருக்கிறது என்பது சற்றுப் பின்னர் வரும்.

வடமொழியில் இம்மரம் உதும்பரம். சங்கப் பாடல்களில் அதவம். ஆற்றங்கரை அத்தியின் பழம் நண்டுகளின் காலில் மிதிபடும் காட்சி குறுந்தொகையிலேயே வருகிறது. விஷ்ணு சகஸ்ரநாமம் சொல்லும் அன்பர்கள் நாள்தோறும் இதன் பெயரை நாவால் உச்சரிக்கின்றனர். ஆல், அத்தி, அரசு என்னும் மூன்றின் பெயர்களும் அங்கே பகவானின் திருநாமங்களாகவே அடுத்தடுத்து நிற்கின்றன. தத்தாத்ரேயர் அத்தியின் அடியில் எழுந்தருளியிருப்பதாக மராட்டிய நாட்டார் வழிபடுவர். அங்கே ஔதும்பர் என்று ஊரே உண்டு. நம் பக்கத்தில் திருவொற்றியூரில் மகிழோடு அத்தியும் தல விருட்சம். நவக்கிரக வேள்வியில் சுக்கிரனுக்கு உரிய சமித்து அத்தி என்பதைப் பெரியோர் அறிவர். சோம யாகத்தில் சதஸ் என்னும் பந்தலின் நடுவே நாட்டப்படும் தூண் அத்தி மரத்தாலானது. சாமகானம் பாடுவோர் அதன் அருகிலேயே அமர்வர். அரசனுக்கு மகாபிஷேகம் செய்யும் ஆசனமும் அத்தி மரத்தாலேயே ஆக வேண்டும் என்பது ஐதரேய பிராமணத்தின் விதி.

பிள்ளைப்பாக்கத்தார்க்கு இவ்வளவு தொலைவு செல்ல வேண்டியதில்லை. அடுத்திருக்கும் காஞ்சியில், வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் திருக்குளத்தில் நீருக்கடியில் பள்ளிகொண்டிருக்கும் அத்திவரதர் திருமேனி இம்மரத்தால் ஆனதே. நாற்பது ஆண்டுகளுக்கு ஒரு முறை வெளியே எழுந்தருளும் அப்பெருமான் 1979-க்குப் பின் 2019-ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள்கள் சேவை சாதித்தார். ஜூலை முழுதும் சயனக் கோலம்; ஆகஸ்டு முதல் நின்ற கோலம். வெயிலிலும் நெரிசலிலும் மணிக்கணக்கில் நின்று சேவித்தவர்கள் இதைப் படிப்போரிலும் பலர் இருப்பர். அன்று அத்தி என்ற சொல்லைச் சொல்லி உருகியவர்கள், தம் கொல்லையிலேயே அம்மரம் நிற்பதை அறியாதிருப்பது இயல்புதான். மரத்தை நேரில் காட்டிக் கொடுப்பார் இல்லை.

அத்தி மரம் வைரம் பாய்ந்த மரம் அன்று. தச்சர்கள் அதை மென்மரம் என்றே ஒதுக்குவர். வெயிலிலும் காற்றிலும் விரைவில் கெடும். ஆனால் நீருக்கடியில் கிடந்தால் நெடுங்காலம் நிலைக்கும். அதனால்தான் அந்நாளில் கிணறு வெட்டியவர்கள், அடியில் சுவர் எழுப்புவதற்கு வைக்கும் மரச்சட்டத்துக்கு அத்தியைத் தேர்ந்தனர். அத்திவரதர் ஏன் நீரில் பள்ளிகொண்டார் என்பதற்குத் தலபுராணம் கூறும் காரணம் வேறு. மரத்தின் இயல்பும் அதற்கு இசைந்தே அமைந்திருப்பதைக் கிணறு வெட்டுவோர் அறிந்திருந்தனர்.

இனி, இலையின் மேல் உள்ள முடிச்சுகள்.

அவை அம்மையும் அல்ல. பூஞ்சை நோயும் அல்ல. தாவர நூலார் இவற்றைக் கழலை என்பர். அத்தி இலைக் கழலையை உண்டாக்குவது மிகச் சிறிய, சிறகுள்ள சாறுண்ணிப் பூச்சி ஒன்று. அறிவியலார் அதற்கு இட்ட பெயர் பௌரோப்சில்லா டிப்ரெஸ்ஸா. தளிர் விரியும் பருவத்தில் தாய்ப்பூச்சி இளம் இலையில் முட்டையிடுகிறது. வெளிவந்த குஞ்சு இலையின் சாற்றை உறிஞ்சத் தொடங்கியதும், அந்த இடத்து இலைத்தசை அளவின்றி வளர்ந்து குஞ்சைச் சுற்றி மூடிக்கொள்கிறது. இலையே கட்டித்தந்த அந்தச் சிற்றறைக்குள் குஞ்சு உண்டு வளர்கிறது. வளர்ந்து முடிந்ததும் புடைப்பு வெடித்துத் திறக்கிறது, பூச்சி பறந்துபோகிறது. ஒரு புடைப்பைக் கத்தியால் குறுக்கே அரிந்து, பேரப் பிள்ளையின் பூதக்கண்ணாடியால் பார்த்தால் உள்ளே அறையையும், பருவம் வாய்த்திருந்தால் அதில் குடியிருப்பதையும் காணலாம்.

இங்கே வியப்புக்கு உரியது பூச்சியைவிட மரமே. கழலையின் ஒவ்வொரு அணுவும் மரத்தினுடையது. பூச்சி ஒரு செங்கல்லையும் கொண்டுவரவில்லை. அதன் தூண்டுதலால் மரம் தன் இலையின் அமைப்பையே மாற்றி, தனக்குப் பயனில்லாத ஓர் உறுப்பை முழு ஒழுங்கோடு செய்து தருகிறது. இன்ன பூச்சிக்கு இன்ன வடிவம் என்பதும் மாறுவதில்லை. ஆகவே புடைப்பைக் கண்டே பூச்சியைச் சொல்லிவிடலாம். இத்துறையில் உலகறிந்த பெயர் ஆக்ராவில் புனித ஜான் கல்லூரியில் பணியாற்றிய எம்.எஸ். மணி அவர்களுடையது. தாவரக் கழலைகளின் சூழலியல் பற்றி 1964-இலும், இந்தியத் தாவரக் கழலைகள் பற்றி 1973-இலும் அவர் வெளியிட்ட நூல்களை இன்றும் ஆய்வாளர் எடுத்தாள்கின்றனர். சென்னை லயோலா கல்லூரியில் டி.என். அனந்தகிருஷ்ணன் அவர்கள் கழலை செய்யும் நுண்பூச்சிகளைப் பற்றி வாழ்நாள் முழுதும் ஆராய்ந்தார். வீதியோரத்துப் புங்க மரத்தின் இலைகளில் விரல் விரலாக நீட்டி நிற்பவையும், ஏழிலைப்பாலையின் இலைகளில் பரு பருவாக எழுபவையும், வன்னி மரத்தில் காய் என்று ஏமாற்றித் தொங்கும் முடிச்சுகளும் இந்த இனத்தவையே. புங்கின் கழலையைச் செய்வது பூச்சிகூட அன்று. கண்ணுக்குப் புலப்படாத சிலந்திப்பேன்.

கழலை என்றதும் முகம் சுளிக்கும் பாட்டியார்க்கு ஒரு செய்தி. பிள்ளை பெற்ற வீட்டில் சந்தனக்கல்லில் இழைத்துக் கொடுத்த உரைமருந்தில் சுக்கு, வசம்பு, கடுக்காய், சாதிக்காயோடு மாசிக்காயும் இருந்ததல்லவா? மாசிக்காய் எந்த மரத்தின் காயும் அன்று. துருக்கி, சிரியா, ஈரான் பக்கத்து மலைகளில் வளரும் ஒருவகை ஓக் மரத்தின் இளங்கிளையில் ஒரு சிறு குளவி முட்டையிட, அந்த இடத்தில் மரம் உருட்டித் தந்த கழலை அது. கடுந்துவர்ப்புக் கொண்டது. ஐரோப்பியர் பல நூற்றாண்டுகள் இதனோடு இரும்புச் சத்தைக் கூட்டி எழுதுமை செய்தனர். கப்பலேறி வந்த அக்கழலையைத்தான் நாட்டுமருந்துக் கடையில் காய் என்று வாங்கி, அஞ்சறைப் பெட்டிக்கு அருகில் வைத்திருந்தோர் நம் முன்னோர். கடுக்காய்ப் பூ என்று விற்பதும் பூவன்று. கடுக்காய் மரத்து இலையில் தோன்றும் கழலையே. தென்னாட்டு வைத்தியர்கள் கற்கடகசிங்கி என்று இருமல் மருந்துகளில் சேர்ப்பது இதனை. இக்காலத்தில் பச்சிளங் குழந்தைக்கு எதை இழைத்துக் கொடுப்பதானாலும் மருத்துவரைக் கேட்டே கொடுக்க வேண்டும்.

அத்தியின் இலைக் கழலையைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை என்பதற்கு வேறு காரணமும் உண்டு. வளர்ந்த மரத்தை அது கொல்வதில்லை. இலை சற்று உருக்குலையும், முன்னதாக உதிரும், அவ்வளவே. மனிதர்க்கோ, மாட்டுக்கோ, அடுத்து நிற்கும் மாவுக்கோ தென்னைக்கோ அப்பூச்சி பரவாது. அதற்கு அத்தி ஒன்றே வீடு. மருந்து தெளிப்பதால் பயனும் இல்லை. புடைப்பின் சுவருக்குள் இருக்கும் குஞ்சை மருந்து எட்டுவதரிது. மாறாக, அக்குஞ்சைத் தேடிவரும் மற்றச் சிறு குளவிகளும் சிலந்திகளும் மடியும். கிணற்றடியில் நஞ்சு தெளிப்பது எவ்வகையிலும் தகாது. கன்றாக இருக்கும் மரத்தில் மட்டும், புடைப்பு நெருங்கிய இலைகளைக் கிள்ளி எரித்துவிட்டால் போதும்.

அடிமரத்தில் கொத்தாக இருப்பவை பற்றிய கதை இதனினும் வியப்பானது. அவற்றைக் காய் என்கிறோம், பழம் என்கிறோம். உண்மையில் ஒவ்வோர் உருண்டையும் உட்புறமாகச் சுருண்டு மூடிக்கொண்ட ஒரு பூங்கொத்து. உட்சுவர் முழுதும் நூற்றுக்கணக்கான நுண்மலர்கள். நுனியில் செதில்களால் அடைத்த ஒரு சிறு கண் மட்டும் வாயில். எவரும் காணாத அத்திப்பூ இங்கே இருக்கிறது.

அந்த வாயிலைத் திறக்கத் தெரிந்தது ஓர் உயிர் மட்டுமே: கடுகினும் சிறிய, கருநிறக் குளவி. தாய்க்குளவி செதில்களுக்கு இடையே நெருக்கிப் புகும்போது அதன் சிறகுகள் பிய்ந்துபோகின்றன. திரும்பிவர வழியில்லை. தான் பிறந்த மரத்திலிருந்து சுமந்துவந்த மகரந்தத்தைப் பூக்களில் தூவி, சில பூக்களில் முட்டையிட்டு, உள்ளேயே உயிர் விடுகிறது. முட்டை பெற்ற பூ விதையாவதில்லை; கழலையாகிறது. அதற்குள் ஒரு குளவிக்குஞ்சு வளர்கிறது. மற்றப் பூக்கள் விதையாகின்றன. இலையின் புடைப்பைக் கண்டு அருவருத்தவர், பழத்தின் உள்ளேயும் கழலைகளே நிறைந்திருப்பதை அறிந்தால் என் செய்வார்?

வாரங்கள் சில சென்றபின் சிறகற்ற ஆண்குளவிகள் முதலில் வெளிப்படுகின்றன. அவற்றின் வாழ்நாள் முழுதும் அந்த இருட்டறையிலேயே கழிகிறது. இனம் பெருக்கி, பெண்குளவிகள் வெளியேறுவதற்குச் சுவரைக் குடைந்து வழி செய்துவிட்டு அவை மடிகின்றன. பெண்குளவிகள் மகரந்தத்தைச் சேர்த்துக்கொண்டு அவ்வழியே பறக்கின்றன. வெளியே முசுறு எறும்புகள் காத்திருக்கும். தப்பியவற்றுக்கு ஓரிரு நாளே ஆயுள். அதற்குள், தக்க பருவத்தில் காய்த்து நிற்கும் வேறோர் அத்தியைக் கண்டாக வேண்டும். குளவிகள் போனபின்தான் காய் மென்மையுற்று, நிறம் மாறி, பறவைகளுக்கும் வௌவாலுக்கும் உணவாகிறது. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் ரெனீ போர்ஜஸ் அவர்களும் மாணவர்களும் அத்திக்கும் குளவிக்கும் எறும்புக்கும் உள்ள இந்த உறவைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து எழுதிவருகின்றனர்.

நுண்ணோக்கி இல்லாத காலத்தில் நம் வைத்திய நிகண்டுகள் அத்திக்கு இட்ட பெயர்களைப் பார்க்க வேண்டும். ஜந்துபலம்: உயிரினம் உறையும் கனி. சதாபலம்: எக்காலமும் காய்ப்பது. ஹேமதுக்தம்: பொன்னிறப் பாலுடையது. யக்ஞாங்கம்: வேள்விக்கு உறுப்பானது. பிட்டுப் பார்த்தால் புழுதான் என்னும் பழமொழியும் அதே அறிவிலிருந்து வந்ததே. பழமொழி பழிக்கிறது, நிகண்டு பழிக்கவில்லை, பெயராகவே வைத்துவிட்டது.

இதனால் ஒரு கேள்வி எழுவது தவிர்க்க முடியாதது. அத்திப்பழம் சைவ உணவா? ஆசாரம் காக்கும் இல்லங்களில் இக்கேள்வியைச் சிறுவர்கள் இப்போது கேட்கத் தொடங்கியிருக்கின்றனர். மழுப்பாமல் விடை சொல்வதே நல்லது. கொல்லை அத்தியின் பழுத்த கனியில் மடிந்த குளவிகளும், வெளியேறாத சிலவும் இருக்கக்கூடும். பிட்டுப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும். சமணர்கள் ஆல், அரசு, அத்தி உள்ளிட்ட ஐவகைக் கனிகளை இதன் பொருட்டே விலக்கினர். காஞ்சியின் ஒரு பகுதியான திருப்பருத்திக்குன்றத்தில் அவர்கள் வாழ்ந்த காலத்தில் அவ்வொழுக்கம் இவ்வட்டாரத்துக்குப் புதியதாக இருந்திராது. நம் இல்லங்களில் வழக்கம் ஒன்றாக இல்லை. பழத்தை அறவே தவிர்ப்பவர் உண்டு. இளம்பிஞ்சை நறுக்கி, உட்பகுதியை நீக்கி, புறச்சுவரை மட்டும் மோரில் இட்டுக் கறி செய்பவர் உண்டு. மருந்தாக மட்டும் கொள்பவரும் உண்டு. எவ்வழியைக் கொண்டாலும் பிட்டுப் பார்த்துக் கொள்வதே முறை. புனே வட்டாரத்தில் பயிராகும் சீமை அத்தி வகை குளவியின் உதவியின்றியே காய்ப்பது. நைவேத்தியத்துக்கு ஐயமற்ற கனி வேண்டுவோர் அதனை நாடலாம்.

மரத்தை வெட்டுவது பற்றிய கேள்விக்கு வருவோம். பால் மரம் வீட்டருகே ஆகாது என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதையில் அவ்வாறு இருக்கிறது. பால் மரம் பொருளை அழிக்கும் என்கிறார் அவர். ஆனால் அந்த ஒரு வரியோடு நூலை மூடிவிடுபவர்களே மிகுதி. அதற்கு முன்னரே அவர் திசை கூறுகிறார். அத்தி வீட்டுக்கு வடக்கில் நிற்பது நன்றன்று. தெற்கில் நிற்பது சிறப்பு. அடுத்து வருவது இன்னும் கவனிக்கத்தக்கது. ஆகாத மரத்தை வெட்ட இயலாதவர், அதற்கும் வீட்டுக்கும் இடையே புன்னை, அசோகு, மகிழ், பலா, வன்னி போன்ற மங்கல மரங்களை நட்டால் போதும் என்று அவரே மாற்று வழி காட்டுகிறார். வெட்டுவதற்குச் சாத்திரத்தை அழைத்தவர் இதையும் படித்துக் காட்டியிருக்க வேண்டும்.

அதே நூலில் நிலத்தடி நீரின் குறிகளைக் கூறும் அத்தியாயத்தில் அத்தியும் ஒரு குறியாக வருகிறது. அத்தி நிற்கும் இடத்தில் நீரூற்று அணிமையில் இருக்கும் என்பது கிணறு வெட்டுவோரின் நெடுநாள் நம்பிக்கை. கோடையில் தண்ணீர் வண்டியை எதிர்பார்த்து நிற்கும் வீடுகள் பெருகிய இந்நாளில், மேஸ்திரியிடம் சொல்லத்தக்க செய்தி இது.

குளவிக்கு ஓரிரு நாளே வாழ்நாள் என்பதை நினைவில் கொண்டால், கொல்லை மரத்தின் இடம் என்னவென்று விளங்கும். ஓர் அத்தியில் காய்கள் ஒரே பருவத்தில் முதிர்கின்றன. அங்கிருந்து புறப்படும் குளவிக்கு வேறு பருவத்தில் உள்ள மற்றோர் அத்தி எட்டும் தொலைவில் இருக்க வேண்டும். பிள்ளைப்பாக்கத்துக் கொல்லையில் ஒன்று, வல்லத்து ஏரிக்கரையில் ஒன்று, ஸ்ரீபெரும்பூதூர்த் தோட்டத்தில் ஒன்று என்று எங்கெங்கோ நிற்கும் மரங்கள் உண்மையில் ஒரே சங்கிலியின் கண்ணிகள். இடையில் மரங்கள் குறையக் குறைய, குளவி சென்றடைய வேண்டிய வழி நீள்கிறது. குளவி வாராத காய் பழுக்காமலே உதிர்ந்துவிடும். பிறகு குயிலுக்கும் குக்குறுவானுக்கும் பழந்தின்னி வௌவாலுக்கும் உணவில்லை. எச்சத்தில் விதை விழுந்து தானாக முளைக்கும் அத்தியும் இல்லை. தனிமரம் என்று எண்ணி ஒருவர் வெட்டுவது, எங்கோ நிற்கும் மற்றொரு மரத்தின் காயையும் உதிர்த்துவிடக்கூடும்.

இதனால் எல்லா அத்தியையும் எல்லா இடத்திலும் காக்க வேண்டும் என்று ஆகாது. கிணற்றுச் சுவரின் விரிசலிலோ, வீட்டின் அடித்தளத்தை ஒட்டியோ முளைத்ததை விட்டுவைத்தால் வேர் சுவரைப் பிளக்கும். அத்தகையதை இரண்டு மூன்று இலை விட்ட நிலையிலேயே வேரோடு எடுத்துவிட வேண்டும். கோபுரங்களில் முளைக்கும் அரசையும் ஆலையும் திருப்பணிக் குழுவினர் எடுப்பதும் இவ்வாறே. வளரும்வரை பார்த்திருந்துவிட்டுப் பின்னர்ப் பாவம் புண்ணியம் பேசுவதில் பொருளில்லை. எடுத்த கன்றைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. வேரில் ஈரமண் ஒட்டியிருக்க, கோணியில் சுற்றி, அன்று மாலையே ஏரிக்கரையிலோ, ஊராரின் ஒப்புதலோடு கோயில் நந்தவனத்தின் தென்புறத்திலோ ஊன்றலாம். மழைக்காலத்துக்கு முன்னரான ஆடி, ஆவணி அதற்கு ஏற்ற காலம். ஊன்றிய கன்று தளிர்த்தபின் அதன் இளம் இலைகளைத் திருப்பிப் பார்க்க, அங்கேயும் முதற் புடைப்பு கடுகளவில் தொடங்கியிருக்கும்.